சிங்கப்பூரில் முன்னாள் ராணுவ வீரர்கள் கழகம் மலர்வளையம் வைப்பது தவிர வேறு என்ன செய்கிறது?

நிறையவே செய்கிறது. சிங்கப்பூர் ஆயுதப்படை முன்னாள் வீரர்கள் கழகம், 1921-ல் கேப் டவுனில் தொடங்கிய காமன்வெல்த் முன்னாள் படையினர் அமைப்போடு இணைந்தது. அந்தக் கூட்டமைப்பின் முக்கிய வேலையே, பிரிட்டிஷ் படையில் பணியாற்றிவிட்டு வயதான காலத்தில் வறுமையில் தவிக்கும் வீரர்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் சாப்பாட்டுச் செலவுக்காவது பணம் போய்ச் சேரச் செய்வதுதான். இந்தப் பக்கம் வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை.

அதற்காக மலர்வளையத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நவம்பர் 11-ஐ ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை காலை கிராஞ்சி போர் நினைவிடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்து, உடல் கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அங்கே சுவர்களில் இருக்கின்றன, அவற்றில் இந்திய ராணுவத்தினரின் பெயர்கள் ஏராளம், நம் ஊர்ப் பெயர்களும் கண்ணில் படும். அப்புறம், தங்கள் மத முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறக்குறைய 800 பேருக்குத் தனி நினைவுச் சின்னமே உண்டு, அவர்களில் பெரும்பாலோர் இந்தியப் படையினர். நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

உங்கள் குடும்பத்தில் யாராவது படையில் இருந்திருந்தால், சேவைச் சான்றிதழ், பதக்கம், பழைய படம் எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு கழகத்தை நேரில் அணுகுங்கள்.