காட்டுத்தீ தானே இடி மின்னலை உருவாக்குமா? அதற்கும் பருவநிலை மாற்றத்துக்கும் என்ன தொடர்பு?

உருவாக்கும். தீ மிகப் பெரிதானால், அதன் வெப்பத்தில் காற்றும் புகையும் நீராவியும் பல கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி, அங்கே குளிர்ந்து இடிமேகமாகத் திரளும். 2019-20 கோடையில் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் காடுகள் எரிந்தபோது இப்படிப் பல மேகங்கள் உருவாகின. புகை, வழக்கமான மேகங்களுக்கும் மேலே இருக்கும் அடுக்குமண்டலம் வரை போனது.

இடிமேகம் வந்தால் மழை பெய்து தீ அணைய வேண்டுமே? அங்கேதான் வில்லங்கம். கீழே காற்று வறண்டிருப்பதால் மழைத்துளிகளில் பெரும்பகுதி தரையைத் தொடுமுன்பே ஆவியாகிவிடும். அதனால் குளிர்ந்து கனத்த காற்று சட்டென்று கீழே பாய்ந்து, தீயை எதிர்பாராத திசைகளில் விரட்டும். மின்னல் வேறு, தொலைவில் புதுத் தீயை மூட்டிவிடும். 2003இல் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் தீச்சூறாவளியே சுழன்றடித்தது.

சரி, பருவநிலை மாற்றம் எங்கே வருகிறது? வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் காற்றால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்க முடியும். மழையில்லாத நாட்களில் அந்த ஈரத்தை மண்ணிலிருந்தும் செடிகொடிகளிலிருந்தும்தான் அது உறிஞ்சும். ஈர விறகு அடுப்பில் புகைந்துகொண்டே கிடக்கும், காய்ந்த விறகு உடனே பற்றிக்கொள்ளும், இல்லையா? காடும் அப்படித்தான். 2019, ஆஸ்திரேலியாவில் அதுவரை பதிவானதிலேயே மிக வெப்பமான, மிக வறண்ட ஆண்டு.

அப்புறம், பருவநிலை மாற்றம்தான் தீ வைக்கிறது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அது சரியல்ல: பொறி பெரும்பாலும் மின்னலிலிருந்தோ மனிதரிடமிருந்தோ வருகிறது, அந்தப் பொறி எவ்வளவு தூரம் பரவும் என்பதைத்தான் வெப்பம் மாற்றுகிறது.