ஓடையின் பெயர்

அன்புள்ள சார்,

வணக்கம். ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் ஒரு சிற்றோடையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஸ்மால்மவுத் பாஸ் என்ற ஆற்றுமீனைப் பிடித்ததைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நான் அமெரிக்காவில், வடக்கு வர்ஜினியாவில் இருக்கிறேன். இரண்டு வருடமாகத் தூண்டிலும் கையுமாக அலைகிறேன். கையகல சன்ஃபிஷ் தவிர உருப்படியாக ஒன்றும் மாட்டவில்லை. உங்கள் கட்டுரையில் பாலம் வருகிறது, வளைவு வருகிறது, சிக்கமோர் மரம்கூட வருகிறது. ஓடையின் பெயர் மட்டும் இல்லை. எழுத்தில் ஒளிவுமறைவு கூடாது என்று சொல்கிறவர் நீங்கள். ஆறு எல்லாருக்கும் பொது, அதில் இருக்கும் மீனும் பொது. பெயரைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? கொஞ்சம் சுயநலமாகப் படவில்லையா?

கோபத்தில் எழுதவில்லை. இடம் தெரிந்தால் நானும் போவேன், அவ்வளவுதான்.

பி.கு: கடிதத்தைப் போடுவதானால் என் பெயர் வேண்டாம். வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாக ஆபீசில் சொல்லிவிட்டுத்தான் ஆற்றுக்குப் போகிறேன்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். நான் ஓடையின் பெயரை எடுத்ததும் ஏறக்குறைய அதே காரணத்துக்குத்தான். வெளியே தெரிந்தால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

சுயநலம் இல்லை என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் உண்டு. ஆனால் எல்லா இடத்தையும் மறைக்கிறவன் இல்லை நான். பெரிய ஆறுகளை யார் கேட்டாலும் சொல்வேன். ஷெனண்டோவா ஆற்றின் தெற்குக் கிளையில் பென்டன்வில் பக்கம் மாநிலப் பூங்கா இருக்கிறது, அங்கே கரையிலிருந்தே இறங்கலாம். வடக்குக் கிளையில் உட்ஸ்டாக் அருகே ஏழு முறை வளைந்து போகிறது தண்ணீர். அங்கேயும் ஒரு பூங்கா உண்டு. பொட்டோமாக் ஆற்றில் பிரன்ஸ்விக், பாயின்ட் ஆஃப் ராக்ஸ். ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியும் நல்ல இடம்தான், ஆனால் இழுப்பு அதிகம், நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்காதீர்கள். இங்கெல்லாம் கார் நிறுத்த இடம் இருக்கிறது, மீன் மைல் கணக்கில் பரவிக் கிடக்கிறது. நான் எழுதியதைப் படித்து ஐம்பது பேர் போனாலும் ஆற்றுக்குத் தெரியாது.

ஓடை அப்படியில்லை. நான் எழுதிய ஓடையில் இரண்டு பாலங்களுக்கு நடுவே நல்ல கசம் என்று நாலுதான் இருக்கிறது. (ஆழமான மடுவை எங்கள் ஊர்ப்பக்கம் கசம் என்போம், அந்தச் சொல்லை விட மனம் வரவில்லை.) ஒரு கசத்தில் பெரிய மீன் ஒன்றோ இரண்டோ. இந்த மீன் 12 அங்குலம் வளரவே நாலைந்து வருடம் ஆகும். 18 அங்குல மீன் என்றால் எட்டு, பத்து வயது இருக்கும். அதை ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோனால் அந்தக் கசத்தில் அடுத்த பெரிய மீனைப் பார்க்க, உங்கள் மகளுக்கு இப்போது ஐந்து வயது என்றால், அவள் ஹைஸ்கூல் போகவேண்டியிருக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் வேறொரு ஓடையைப் பற்றி எழுதினேன். பெயர், பாலத்தின் சாலை எண், எந்தப் பக்கம் இறங்கவேண்டும் எல்லாம் சொல்லி, போட்டோவும் போட்டேன். பாராட்டி நிறையக் கடிதம் வந்தது, சந்தோஷமாக இருந்தது. அந்த வருடம் ஜூலையில் போனபோது பாலத்தடியில் ஏழு கார். ஒன்று பண்ணைக் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. கரையில் பீர் கேன், அறுந்த நைலான் நரம்பு, புழு வாங்கிவந்த பிளாஸ்டிக் டப்பா. அடுத்த வசந்தத்தில் போனால் சிக்கமோர் மரத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஊதா நிறப் பட்டை, நிற்கவைத்த சாண் அளவில். பெயின்ட் வழிந்து மரப்பட்டையின் வெள்ளையில் ஒரு கோடு இறங்கியிருந்தது. வர்ஜினியாவில் ஊதாப் பட்டை என்றால் உள்ளே வராதே என்று அர்த்தம், போர்டே வேண்டாம். அந்தப் பண்ணைக்காரர் பல வருடமாக என்னைப் பார்த்தால் டிராக்டரிலிருந்து கையசைப்பவர். இப்போது நானும் போகமுடியாது.

அதனால் 'ஆறு எல்லாருக்கும் பொது' என்பதை இங்கே கொஞ்சம் பார்த்துத்தான் சொல்லவேண்டும். வர்ஜினியாவில் ஜாக்சன் ஆற்றின் ஒரு பகுதியைப் பற்றிய வழக்கில், 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசர் கொடுத்த நிலமானியத்தை வைத்து, அங்கே மீன்பிடிக்கும் உரிமை நிலச்சொந்தக்காரருக்கே என்று மாநில உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கா சுதந்திரம் வாங்கி இருநூறு வருடம் கழித்து, ராஜா கொடுத்த காகிதம் செல்லும் என்று தீர்ப்பு! சிற்றோடைகளில் நாம் நிற்பது பெரும்பாலும் ஒரு விவசாயி கண்டுகொள்ளாமல் விடுவதால்தான். அந்தப் பெருந்தன்மை என்னுடையதல்ல, நான் எப்படி அதை ஊருக்கு எடுத்துக் கொடுப்பது?

இன்னும் இரண்டு விஷயத்தை எவ்வளவு பெரிய ஆறானாலும் சொல்லமாட்டேன். ஒன்று, குளிர்காலக் கசம். தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனதும் கோடையில் பல மைலுக்குப் பரவிக் கிடந்த மீன்கள் ஆழமான, இழுப்பில்லாத சில இடங்களில் போய் ஒடுங்கிவிடும். அந்த ஓர் இடத்தைச் சொல்வது அந்த நீளத்து ஆற்றையே சொல்வதற்குச் சமம். இன்னொன்று, மே மாதத்துக் கூடு. ஆண் மீன் வாலால் விசிறிச் சரளையைச் சுத்தம் செய்து, கரையோரம் பெரிய தாம்பாளம் அளவுக்கு வெளிறிய வட்டம் ஒன்று போட்டுவைத்திருக்கும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். காவல் முழுக்க அப்பன்தான், குஞ்சுகள் கலையும்வரை. அந்தச் சமயத்தில் தூண்டிலை மேலே போட்டால் பசிக்காக இல்லை, விரட்டுவதற்காகவே கவ்வும். நீங்கள் அதைத் தூக்கிப் போட்டோ எடுத்துவிட்டு விடுவதற்குள், பக்கத்தில் காத்திருக்கும் சன்ஃபிஷ் கூட்டம் முட்டையைத் தின்ன ஆரம்பித்துவிடும். நான் ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறேன், தெரியாமல்.

நீங்கள் மடக்குவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். இந்த மீன் இந்த ஆற்றுக்கு வந்ததே ஒருவர் பகிர்ந்துகொண்டதால்தான். பொட்டோமாக்கில் ஸ்மால்மவுத் பூர்வீகமாகக் கிடையாது. மலைக்கு அந்தப்பக்கம், ஒஹாயோ ஆற்றைச் சேர்ந்த வீலிங் ஓடையிலிருந்து 1854-ல் முப்பது மீன்போல எடுத்து, ரயில் எஞ்சினுக்குத் தண்ணீர் வைத்திருக்கும் தொட்டியில் போட்டுக் கொண்டுவந்து கம்பர்லாந்தில் கால்வாயில் விட்டார்கள். அங்கிருந்து பொட்டோமாக், பிறகு ஷெனண்டோவா. சரி, உங்கள் பக்கத்துக்கு ஒரு பாயின்ட். ஆனால் அவர்கள் மீனைத்தான் கொடுத்தார்கள், எந்தக் கல்லுக்குப் பின்னால் இருக்கும் என்று எழுதிவைக்கவில்லை.

அந்தக் கல்லை நீங்களே கண்டுபிடிக்கலாம், கஷ்டமில்லை. முதலில் யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை) தளத்தில் ஃப்ரன்ட் ராயல் ஊரின் ஆற்றுநீர் அளவுமானியைப் பாருங்கள். நொடிக்கு எத்தனை கனஅடி என்று போட்டிருக்கும். மேட்டூர் நிலவரம் கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியும். எண் ஏறிக்கொண்டிருந்தால் தண்ணீர் கலங்கல், வீட்டில் இருங்கள். இறங்கித் தெளிந்துகொண்டிருந்தால் கிளம்புங்கள். செயற்கைக்கோள் படத்தில் தண்ணீர் வெள்ளையாகத் தெரியும் சலசலப்பைத் தேடுங்கள், அதற்குக் கீழே கறுத்துத் தெரிவது கசம். நேரில் போனதும் வேக நீரும் மந்த நீரும் உரசும் இடத்தில் நுரை ஒரு கோடாக மிதந்து போவதைப் பார்ப்பீர்கள். பாஸ் மந்தமான பக்கம் கல்லை ஒட்டி நின்றுகொண்டு, வேகத்தில் வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும், பந்தியில் உட்கார்ந்தவர் வாளி வரும் திசையையே பார்ப்பதுபோல. அந்த நுரைக்கோட்டில் போடுங்கள். ஒரு கல்லைப் புரட்டினால் இறால்போல ஒன்று பின்பக்கமாகப் பாயும், கிரேஃபிஷ். பாஸுக்கு அதுதான் பிரியாணி. தூண்டிலில் மாட்டும் போலி இரையில், பச்சையும் பழுப்பும் கலந்த மூன்றரை அங்குல ரப்பர் ட்யூப் அதைப்போலவே இருக்கும், தரையோடு உருட்டிக்கொண்டு வாருங்கள். மாட்டியதும் கண்ணைப் பாருங்கள், சிவப்பாக இருக்கும். மேல்தாடை கண்ணைத் தாண்டிப் போனால் அது லார்ஜ்மவுத் என்ற வேறு பாஸ் இனம், தாண்டாவிட்டால் நம் ஆள்.

குழம்பு வைக்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். தெற்குக் கிளை மீன் வேண்டாம். மேலே வேய்ன்ஸ்பரோவில் ஓர் ஆலையிலிருந்து 1929 முதல் 1950 வரை கசிந்த பாதரசம் இன்னும் மீனில் இருக்கிறது, அரசு எச்சரிக்கையும் உண்டு. விட்டுவிடுங்கள்.

அந்த ஓடையின் பெயரை மெயிலிலும் எழுதமாட்டேன். ஆனால் ஜூன் இரண்டாவது சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு பென்டன்வில் பூங்காவில் இருப்பேன். வாருங்கள், ஒரு நாள் முழுக்கச் சேர்ந்து பிடிக்கலாம். பழைய ஷூ போதும். லைசென்ஸ் ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். முந்தின நாள் மழை பெய்தால் வரவேண்டாம்.

அன்புடன்.