சம்பளம் அங்கே வாங்காவிட்டால் போதுமா? வருகை விசா பற்றி வாசகர் கேள்வி - பதில்

வெளிநாட்டுப் பயணம் குறித்த ஐயங்களை அனுப்புமாறு கேட்டிருந்தோம். சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களில் சுற்றுலா பற்றியவை குறைவு. சரக்கைக் காட்டவும், விற்ற இயந்திரத்தைப் பொருத்தவும், வாடிக்கையாளரைச் சந்திக்கவும் போகிறவர்களே மிகுதியாக எழுதியிருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் ‘அங்கே சம்பளம் எதுவும் வாங்கப்போவதில்லை’ என்ற உறுதிமொழி இருக்கிறது. அது மட்டும் ஏன் போதாது என்பது கீழுள்ள பதில்களில் தெரியும்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் நடக்கும் நகைக் கண்காட்சியில் ஸ்டால் எடுத்திருக்கிறோம். அதே வாரம் நடக்கும் தமிழ்ச் சங்க விழாவில் மேசை போட்டுக் கொஞ்சம் கொலுசு விற்கலாம் என்று அங்குள்ள உறவினர் சொல்கிறார். என்னிடம் வணிகத்துக்கும் சுற்றுலாவுக்குமான பத்தாண்டு பி1/பி2 விசா இருக்கிறது. இரண்டும் செய்யலாமா?

பதில்: கண்காட்சிக்குத் தாராளமாகப் போகலாம். விழாவில் விற்பதற்கு அந்த விசா இடம் தராது.

பி1 என்னும் வணிக வருகை விசாவில் செல்பவர் ஸ்டால் அமைக்கலாம், மாதிரிகளைக் காட்டலாம், விலை பேசலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம், ஆர்டரும் வாங்கலாம். ஆனால் அந்த ஆர்டருக்கான சரக்கு அமெரிக்காவுக்கு வெளியே உருவாகி, வெளியிலிருந்தே அனுப்பப்பட வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் உருக்கி, கம்பி இழுத்து, பற்றவைத்து, மெருகேற்றிய கொலுசு சேலத்திலிருந்து பார்சலாகப் போய்ச் சேருமானால், உங்கள் தொழில் நடப்பது இந்தியாவில். அங்கே நடந்தது பேச்சு மட்டும். மாறாக, மேசை போட்டுக் காசை வாங்கிக்கொண்டு கையோடு கொலுசைக் கொடுப்பது அந்த மண்ணிலேயே நடக்கும் சில்லறை வியாபாரம். விழா நம்மவர்களுடையது என்பதோ, விற்றது சில ஜோடிகள்தாம் என்பதோ அதை மாற்றாது.

உங்கள் உறவினர் அங்கே சட்டப்படி தொழில் செய்யும் உரிமை உள்ளவரானால் நேரான வழி ஒன்று உண்டு. அவர் உங்களிடமிருந்து முறைப்படி இறக்குமதி செய்து, சுங்கத் தீர்வை செலுத்தி, தம் பெயரில் தாமே விற்கட்டும். நீங்கள் விழாவுக்குப் போய் முன்வரிசையில் அமர்ந்து கச்சேரி கேளுங்கள். மேசைக்குப் பின்னால் மட்டும் நிற்க வேண்டாம்.

கண்காட்சிக்கான மாதிரிகளை ஏ.டி.ஏ. கார்னே என்ற ஆவணத்தின் பேரில் எடுத்துச் செல்வது நல்லது. இந்தியாவில் இதனை ஃபிக்கி என்னும் வணிக, தொழில் கூட்டமைப்பு வழங்குகிறது. தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் பொருளுக்கு இதனால் தீர்வை கட்ட வேண்டியதில்லை. பட்டியலில் உள்ள ஒரு ஜோடி திரும்பி வராவிட்டாலும் சுங்கத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிவரும் என்பதால், விற்கும் ஆசைக்கும் அது ஒரு கடிவாளம்.

விமான நிலையத்தில் வருகையின் நோக்கத்தைக் கேட்கும்போது ‘சொந்தக்காரர் வீட்டுக்கு’ என்று சுருக்கமாக முடித்துக்கொள்வது நம்மிடையே பரவலான பழக்கம். பெட்டியில் மாதிரிக் கொலுசுகளும் ஆர்டர் புத்தகமும் இருக்கும்போது இதைவிட ஆபத்தான பதில் வேறில்லை. அங்கிருந்தே திருப்பி அனுப்பும் விரைவு நடவடிக்கைக்கு உள்ளானால் ஐந்தாண்டுகள் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. உண்மையை வேண்டுமென்றே மறைத்ததாக முடிவு செய்யப்பட்டால் அந்தத் தடை வாழ்நாளுக்கும் நீளக்கூடும். ‘கண்காட்சிக்கு வந்திருக்கிறேன், ஆர்டர் எடுப்பேன், சரக்கு சேலத்திலிருந்து வரும்’ என்று உள்ளதைச் சொன்னால் அது அனுமதிக்கப்பட்ட நோக்கமே. பத்தாண்டு விசா என்பது நுழைவாயில் வரை போவதற்கான தகுதி மட்டும். எத்தனை நாள் தங்கலாம் என்பதை அதிகாரி ஒவ்வொரு முறையும் ஐ-94 என்னும் வருகைப் பதிவில் குறிப்பார். அந்தத் தேதியே உங்கள் எல்லை.

கேள்வி: இரும்பாலை செல்லும் சாலையில் எங்கள் இயந்திரத் தொழிற்கூடம் இருக்கிறது. உலர்த்தும் இயந்திரம் ஒன்றை அமெரிக்காவுக்கும் இன்னொன்றை ஜெர்மனிக்கும் விற்றிருக்கிறோம். பொருத்தி ஓட்டிக் காட்ட இரண்டு ஃபிட்டர்களை அனுப்ப வேண்டும். ஒருவர் எங்கள் பணியாளர். மற்றவர் காண்ட்ராக்டில் வருபவர். இருவருக்கும் சம்பளம் இங்கேதான். வணிக விசா போதுமா?

பதில்: கையில் ஸ்பேனர் எடுத்தாலே அது வேலைதான், வணிக விசாவில் கூடாது என்பது பொதுவான எண்ணம். இயந்திரம் விற்றவருக்கு மட்டும் இதில் ஒரு விலக்கு உண்டு. அதன் எல்லைகளைத் தெரிந்துகொண்டு புறப்படுவது முக்கியம்.

அமெரிக்காவைப் பொறுத்தவரை, வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து வாங்கிய தொழிற்சாலை இயந்திரத்தைப் பொருத்தவும், பழுது நீக்கவும், அங்குள்ள தொழிலாளர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவும் விற்பனையாளரின் ஆட்கள் பி1 விசாவில் போகலாம். ஆனால் இந்தச் சேவையை விற்பவரே செய்து தர வேண்டும் என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். போகிறவருக்கு அந்த இயந்திரத்தைப் பற்றிய தனித்த அறிவு இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து ஊதியம் வரக்கூடாது. சம்பளம் என்பது இந்த நிபந்தனைகளில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். நம் ஊர்த் தொழிற்கூடங்களில் ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் இரண்டு பக்க விலைப் புள்ளியும் ஓர் இன்வாய்ஸுமாக முடிந்துவிடுகிறது. ‘பொருத்தித் தருவோம்’ என்பது தொலைபேசிப் பேச்சில் இருக்கும், தாளில் இருக்காது. அந்தத் தாள் இல்லாவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் உங்கள் ஃபிட்டர் தடுமாறுவார். சரக்கு அனுப்பிய பிறகு அவசரத்துக்கு ஒரு கடிதம் தயாரிப்பதைவிட, ஆர்டர் எடுக்கும்போதே அந்த வாசகத்தைச் சேர்த்துவிடுங்கள்.

கட்டட வேலைக்கு இந்த விலக்கு இல்லை. இயந்திரத்துக்கான காங்கிரீட் மேடை அமைப்பதும், கொட்டகைக்கு இரும்புச் சட்டம் ஏற்றுவதும் அங்குள்ள தொழிலாளர்களின் பணி. உங்கள் ஆள் அருகில் நின்று மேற்பார்வையிடலாம், கற்றுத்தரலாம். தானே இறங்கிச் செய்யக்கூடாது. ‘அவசரம், கொஞ்சம் கை கொடுங்கள்’ என்று வாங்கியவர் கேட்கும்போது மறுப்பது நம்மவர்களுக்குக் கடினம் என்பதால் இதை ஃபிட்டர்களிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

இதெல்லாம் ஏட்டுச் சட்டம், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2025 செப்டம்பர் 4 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஹூண்டாய், எல்.ஜி. நிறுவனங்களின் பேட்டரி ஆலைக் கட்டுமானத் தளத்தில் அமெரிக்க அதிகாரிகள் நடத்திய சோதனையில் ஏறத்தாழ 475 பேர் பிடிக்கப்பட்டனர். அவர்களில் 300-க்கும் மேற்பட்டோர் தென்கொரியர்கள்; குறுகிய கால வருகை அனுமதியில் வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். இயந்திரம் பொருத்த வந்தவர் எதுவரை செய்யலாம் என்ற கேள்வி அதன்பின் இரு நாட்டு அரசுகளும் பேசித் தீர்க்க வேண்டிய விவகாரமாயிற்று. அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே இந்த நிலை என்றால், நம்மவர் சட்டைப் பையில் ஒப்பந்தத்தின் அந்தப் பக்கம் இருப்பது எவ்வளவு அவசியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஜெர்மனியின் விதி வேறு வகையில் தெளிவானது. வெளிநாட்டு நிறுவனத்திடம் வாங்கிய இயந்திரத்தை நிறுவ, பராமரிக்க, பழுது நீக்க அந்த நிறுவனம் அனுப்பும் பணியாளர்கள் 12 மாதங்களில் 90 நாள் வரை தனி வேலை அனுமதி இன்றிச் செய்யலாம். வேலை தொடங்கும் முன்பே நிறுவனம் அந்நாட்டுக் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமைக்கு அறிவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பலர் தவறவிடுவது இதைத்தான். விசா வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. விசா விண்ணப்பத்திலேயே இந்த நோக்கத்தைச் சொல்ல வேண்டும்.

உங்கள் காண்ட்ராக்ட் ஃபிட்டர்தான் இதில் சிக்கலானவர். விலக்கு முழுவதும் ‘விற்றவரின் பணியாளர்’ என்ற அடித்தளத்தின் மீது நிற்கிறது. நியமன ஆணை, சம்பளச் சீட்டு, வருங்கால வைப்பு நிதிப் பதிவு ஆகியவை இல்லாத ஒருவரை உங்கள் பணியாளர் என்று காட்டுவது கடினம்; பயணத்துக்காக மட்டும் பெயரளவில் சேர்ப்பதும் அறிவுடைமையன்று. இந்த முறை நிரந்தரப் பணியாளரை மட்டும் அனுப்புங்கள் என்பதே என் கருத்து.

கேள்வி: என் மகள் பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். மூன்று மாதம் அமெரிக்க வாடிக்கையாளரின் அலுவலகத்தில் இருந்து வேலை செய்ய வணிக விசாவில் அனுப்புகிறார்களாம். சம்பளம் இந்திய வங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது, பயமில்லை என்கிறாள். சரியா? (அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு தாய்)

பதில்: அம்மா, உங்கள் கவலை நியாயமானது. வாடிக்கையாளரைச் சந்தித்துத் தேவைகளைக் கேட்டறிவது, கூட்டங்களில் பங்கேற்பது, திட்டத்தை விளக்குவது ஆகியவை வணிக விசாவுக்குள் அடங்கும். வாடிக்கையாளரின் அலுவலகத்தில் ஒரு நாற்காலியில் அமர்ந்து நாள்தோறும் நிரல் எழுதுவதும் சோதிப்பதும், அங்குள்ள ஒருவர் செய்ய வேண்டிய பணியை நிரப்புவதாகவே பார்க்கப்படும். சம்பளம் பெங்களூரில் வரவு வைக்கப்படுவது அதற்கு விடையாகாது.

இது புதிய சர்ச்சையுமன்று. பி1 விசாவைத் தவறாகப் பயன்படுத்தியதாக அமெரிக்க அரசு எழுப்பிய குற்றச்சாட்டுகளைத் தொடர்ந்து, இன்ஃபோசிஸ் நிறுவனம் 2013 அக்டோபரில் 3 கோடியே 40 லட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது. திட்டமிட்ட மோசடி என்ற குற்றச்சாட்டை அந்நிறுவனம் மறுத்தது. அழைப்புக் கடிதங்களில் பயணத்தின் உண்மையான நோக்கம் எழுதப்படவில்லை என்பது அரசுத் தரப்பின் வாதங்களில் ஒன்று. ஆகவே மகளிடம் சொல்லுங்கள்: தன் பெயருக்கு வந்த அழைப்புக் கடிதத்தை அவள் முழுமையாகப் படிக்கட்டும். அதில் ‘கூட்டங்கள்’ என்றும், மேலாளர் அனுப்பிய பணித் திட்டத்தில் ‘நிரல் எழுதுதல்’ என்றும் இருக்குமானால், வேலைக்குரிய விசா எடுத்துத் தருமாறு எழுத்தில் கேட்க வேண்டும். தூதரக நேர்காணலில் பதில் சொல்லப் போவது அவள். பிற்காலத்தில் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்தப் பதிவைச் சுமக்கப் போவதும் அவளே.

பிரிட்டனுக்கு அனுப்பினால் நிலைமை சற்று மாறும். 2024 ஜனவரி 31 முதல், அங்கே வருகையாளராக இருப்பவர் தம் வெளிநாட்டு வேலையை மடிக்கணினியில் தொடரலாம். பயணத்தின் முதன்மை நோக்கம் அதுவாக இருக்கக்கூடாது. பிரிட்டன் நிறுவனத்தில் காலியான ஒருவரின் இடத்தை நிரப்புவதற்கு அங்கும் அனுமதியில்லை.

கேள்வி: கொண்டலாம்பட்டியில் துண்டு, படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்கிறேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா ஓராண்டுக்குக் கிடைத்திருக்கிறது. பிராங்க்பர்ட் கண்காட்சி முடிந்து வந்து மீண்டும் போகலாமா? 90 நாள் கணக்கை எப்படிப் பார்ப்பது?

பதில்: எந்த நாளில் அங்கே இருந்தாலும், அந்த நாளிலிருந்து பின்னோக்கி 180 நாளை எண்ணுங்கள், அதற்குள் நீங்கள் தங்கியது 90 நாளைத் தாண்டக்கூடாது. நுழைந்த நாளும் வெளியேறிய நாளும் சேரும். ஜனவரி 1 முதல் மார்ச் 1 வரை 60 நாள் இருந்துவிட்டு மே 1 அன்று மீண்டும் சென்றால், மே 30 வரைதான் தங்கலாம். ஷெங்கன் நாடுகள் 29-க்கும் சேர்த்து ஒரே கணக்கு. பாரிசுக்குப் போய்வந்தால் புதிதாகத் தொடங்காது. விசா ஒட்டுச்சீட்டில் தங்கும் நாள் 90-ஐ விடக் குறைவாக அச்சிட்டிருந்தால் அந்தக் குறைந்த எண்ணே செல்லும்.

கேள்வி: துபாயில் நண்பரின் ஜவுளிக் கடையில் பண்டிகைக் காலத்தில் ஒரு மாதம் உதவியாக இருக்கச் சொல்கிறார். விசிட் விசா எடுத்துத் தருகிறார். போகலாமா?

பதில்: நண்பரைப் பார்க்கப் போகலாம், கடையில் நிற்கக் கூடாது. உங்களைவிட அவருக்கே ஆபத்து அதிகம். அனுமதியின்றி ஆள் வைக்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் திர்ஹமிலிருந்து பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் விதிக்க 2024-இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது.

கேள்வி: ஏற்காட்டில் சிறு காப்பித் தோட்டமும் தங்கும் இல்லமும் வைத்திருக்கிறோம். ஜெர்மனியிலிருந்து ஒருவர் காப்பிக்கொட்டை வாங்குவது பற்றிப் பேச வருகிறார். சுற்றுலா இ-விசா எடுத்திருக்கிறாராம். அதனால் எங்களுக்கு ஏதும் சிக்கல் வருமா?

பதில்: நம் நாட்டு விதியும் இதே போக்கில்தான் செல்கிறது. சுற்றுலா இ-விசா ஊர் சுற்றிப் பார்ப்பதற்கும் உறவினர், நண்பர்களைக் காண்பதற்கும் உரியது. கொள்முதல் பேச வருபவர் இ-வணிக விசா எடுக்க வேண்டும். ஓராண்டு செல்லும், பலமுறை வந்துபோகலாம் என்பதால் அறுவடைக் காலத்தில் மீண்டும் வருவதற்கும் அவருக்கு அதுவே வசதி. அவர் இன்னும் புறப்படாதிருந்தால் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பும் அழைப்புக் கடிதத்தில் தோட்டத்தைப் பார்வையிடுதல், மாதிரி சுவைத்தல், விலை பேசுதல் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அவர் உங்கள் இல்லத்திலேயே தங்குவதானால், வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் அவரது வருகையைப் பதிவு செய்வது, அவர் எந்த விசாவில் வந்தாலும், உங்கள் கடமை.