எல்லை தாண்டும் நிலத்தடி நீர்: மறுபுறத் தரவு கைவசம் இல்லாமல் ஆய்வைத் தொடங்கலாமா?

கேள்வி: நிலவியலில் முதுகலை முடித்து, நிலத்தடி நீர் குறித்த முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்திருக்கிறேன். அண்டை நாடுகள் பகிர்ந்துகொள்ளும் நீர்த்தாங்கி (நிலத்தடி நீரைத் தேக்கிவைத்திருக்கும் மண், பாறை அடுக்கு) ஒன்றை ஆராய விருப்பம். சிந்து – கங்கைச் சமவெளி முழுவதையும் எடுக்கலாமா, அல்லது பஞ்சாப், வங்கம் இரண்டில் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். எல்லைக்கு அப்பால் தரவு கிடைக்காது என்று நெறியாளர் தயங்குகிறார். செயற்கைக்கோள் தரவை வைத்துச் சமாளிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தாராளமாகத் தொடங்கலாம், ஆனால் சமவெளி முழுவதையும் எடுக்காதீர்கள். வங்கப் படுகையில், எல்லையின் இருபுறமும் சேர்த்து முப்பது, நாற்பது கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒருபுறம் இறைக்கும் நீர் மறுபுறக் கிணற்றில் என்ன மாற்றத்தை உண்டாக்குகிறது, எத்தனை காலத்தில் உண்டாக்குகிறது என்பதே உங்கள் கேள்வியாக இருக்கட்டும். செயற்கைக்கோள் தரவு முன்னுரை அத்தியாயத்துக்கு உதவும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

பெரிய வரைபடத்தைப் பார்த்து மயங்குவது இத்துறைக்குப் புதியவர்கள் எல்லோருக்கும் நேர்வதுதான். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் இயங்கும் பன்னாட்டு நிலத்தடி நீர் மதிப்பீட்டு மையம் 2021இல் வெளியிட்ட உலக வரைபடத்தில் 468 எல்லை தாண்டிய நீர்த்தாங்கிகள் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் பெயர் பெற்றது தென் அமெரிக்காவின் குவாரனி. பிரேசில், அர்ஜென்டினா, பராகுவே, உருகுவே ஆகிய நான்கு நாடுகளின் அடியில் சுமார் 10.9 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு அது பரவியிருக்கிறது. நான்கு நாடுகளும் சேர்ந்து 2003 முதல் 2009 வரை நடத்திய ஆய்வுத் திட்டத்தில், எல்லை தாண்டிய சிக்கல் உண்மையில் தலைகாட்டும் இடங்கள் மிகச் சிறியவை என்பது தெரிய வந்தது. உருகுவேயின் ரிவேராவும் பிரேசிலின் சந்தானா டோ லிவ்ரமென்டோவும் எல்லைக்கோடே தெருவாக ஓடும் இரட்டை நகரங்கள். அங்கே ஒரு நகரத்தின் கிணறுகள் மற்றதன் நீர்மட்டத்தையும், ஒன்றின் கழிவுநீர் மற்றதன் நீர்த் தரத்தையும் பாதிக்கக்கூடும். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிரேசில் கிணற்றுக்கும் அர்ஜென்டினாக் கிணற்றுக்கும் இடையே, நம் வாழ்நாளில் பொருட்படுத்தத் தக்க உறவு எதுவும் இருக்காது.

சிறிய பரப்பை எடுப்பதில் இன்னொரு ஆதாயம், அங்கே விடை நடைமுறைக்கு வருகிறது. பிரான்ஸ் – சுவிட்சர்லாந்து எல்லையிலுள்ள ஜெனீவா நீர்த்தாங்கி 19 கிலோமீட்டர் நீளமும் ஒன்று முதல் மூன்றரை கிலோமீட்டர் அகலமும் கொண்ட சரளைப் படிவு. ஆர்வ் ஆற்றிலிருந்து கசியும் நீரே அதன் இயற்கை ஊட்டம். 1960, 70களில் மிதமிஞ்சி இறைத்ததால் நீர்மட்டம் ஏறத்தாழ 7 மீட்டர் இறங்கிவிடவே, ஆற்று நீரைச் சுத்திகரித்து நிலத்துக்குள் செலுத்தும் நிலையம் ஒன்றை ஜெனீவா மாநிலம் வெஸ்ஸி என்னுமிடத்தில் கட்டி 1980இல் இயக்கத் தொடங்கியது. ஆர்வ் பனிமலையிலிருந்து வரும் ஆறு என்பதால், கலங்கல் மிகுந்தால் நீர் எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். அந்த நிலையத்தின் செலவை யார், எவ்வளவு ஏற்பது என்பதற்காகப் பிறந்த ஒப்பந்தம் 1978 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பிரெஞ்சுத் தரப்பு ஆண்டுக்கு 50 லட்சம் கன மீட்டர் வரை எடுக்கலாம். அதில் முதல் 20 லட்சத்துக்குக் கட்டணம் இல்லை. கிணறுகளுக்கு மீட்டர் கட்டாயம். ஒவ்வொரு தரப்பிலும் மூவர் கொண்ட ஆணையத்தில் இருவராவது நீர்த்துறை வல்லுநராக இருக்க வேண்டும். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, கையெழுத்திட்டவை தலைநகரங்கள் அல்ல, உள்ளூர் நிர்வாகங்கள் என்பதைத்தான். 2008இல் அது புதுப்பிக்கப்பட்டது.

இனி செயற்கைக்கோள். 2002 முதல் 2017 வரை இயங்கிய கிரேஸ் இணைக்கோள்களைப் போலவே, 2018இல் அவற்றைத் தொடர்ந்து ஏவப்பட்டவையும் ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி, அந்த இடைவெளியில் நேரும் நுண்ணிய மாற்றத்தைக் கொண்டு பூமியின் ஈர்ப்பு விசை மாறுபாட்டை அளக்கின்றன. ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா (தில்லி உட்பட) ஆகிய பகுதிகள் 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீரை இழந்தன என்ற புகழ்பெற்ற கணக்கு இந்த முறையில் கிடைத்ததுதான். ஆனால் அந்தக் கோள்களின் பார்வைக்கு முந்நூறு கிலோமீட்டருக்குக் குறைந்த பரப்பு தெளிவாகத் தெரியாது. அவை காட்டுவது மண்ணின் ஈரம், ஆறு, குளம், பனி, நிலத்தடி நீர் எல்லாம் சேர்ந்த மொத்தத்தை. மற்றவற்றைக் கணினி மாதிரிகளைக் கொண்டு கழித்த பிறகே நிலத்தடி நீர் மிஞ்சும். இழப்பு எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று அதனிடம் கேட்பது வீண்.

பஞ்சாபை விட வங்கத்தை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் தரவுதான். 1960ஆம் ஆண்டின் சிந்து நதி ஒப்பந்தம் ஆறுகளைப் பற்றியது. இருபுறமும் கடுமையாக இறைக்கப்படும் நிலத்தடி நீரைப் பங்கிடும் ஏற்பாடு அதில் இல்லை. அந்த ஒப்பந்தத்தையே இந்தியா 2025 ஏப்ரலில் நிறுத்திவைத்துவிட்ட நிலையில், மறுபுறத்திலிருந்து கிணற்று விவரங்களை எதிர்பார்த்து மூன்றாண்டுகளைச் செலவிடுவது நல்ல யோசனை அல்ல. வங்கதேசத்தின் நிலை வேறு. அந்நாட்டுப் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையும் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனமும் ஆர்செனிக் குறித்து நடத்தி 2001இல் வெளியிட்ட பேராய்வில் 3,534 கிணறுகளின் வேதியியல் விவரங்கள் உள்ளன. அவற்றை யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நீர்மட்டத்துக்கு வங்கதேச நீர் மேம்பாட்டு வாரியம் நெடுங்காலமாகக் கண்காணிப்புக் கிணறுகளைப் பராமரிக்கிறது. இந்தியப் பக்கத்தில் மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஜனவரி, பருவமழைக்கு முன், ஆகஸ்ட், நவம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. நதியா அல்லது வடக்கு 24 பர்கானா மாவட்டத்தையும் எதிரே மெஹர்பூர், சுவாடாங்கா, ஜசோர், சாத்கீரா பகுதிகளில் ஒன்றையும் சேர்த்துக்கொண்டால், ஒரே ஆற்று வண்டல், ஒரே போரோ (வறண்ட பருவத்தில் பாசன நீரில் விளையும்) நெற்சாகுபடி, ஒரே ஆர்செனிக் சிக்கல் என்று ஒப்பிடத்தக்க களம் கிடைக்கும்.

நிலத்தடி நீரோட்டத்தைக் கணிக்கும் மென்பொருளைத் திறக்குமுன் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீர்த்தாங்கியின் நீர்கடத்து திறன் (அதன் முழுத் தடிமனும் சேர்ந்து நீரைக் கடத்தும் அளவு) நாளொன்றுக்கு 1,000 சதுர மீட்டர், நீர்மட்டச் சரிவு ஐயாயிரத்துக்கு ஒன்று, எல்லையின் நீளம் 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டார்சி விதிப்படி இம்மூன்றையும் பெருக்கினால், இயற்கையாக எல்லையைக் கடக்கும் நீர் நாளொன்றுக்கு 2,000 கன மீட்டர். மணிக்கு 40 கன மீட்டர் வீதம் பத்து மணி நேரம் ஓடும் ஓர் ஆழமற்ற குழாய்க்கிணறு 400 கன மீட்டர் எடுத்துவிடும். அதாவது, பத்து கிலோமீட்டர் எல்லையைத் தாண்டி வரும் நீர் முழுவதும் ஐந்து குழாய்க்கிணறுகளுக்குத்தான் போதும். நீங்கள் எடுக்கும் இடத்தில் இந்த எண்கள் மாறும். ஆனால் இந்தக் கணக்கைப் போட்டவர், ‘அவர்கள் நம் நீரை உறிஞ்சுகிறார்கள்’ என்று எந்தப் பக்கத்தில் கேட்டாலும் உடனே நம்பிவிட மாட்டார்.

இதே எண்களைக் கொண்டு கால அளவையும் தோராயமாக மதிப்பிடலாம். தூரத்தின் வர்க்கத்தைத் தேக்கக் குணகத்தால் (நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து வெளிவரும் நீரின் அளவு) பெருக்கி, நீர்கடத்து திறனால் வகுக்க வேண்டும். மேலே களிமண் மூடாத திறந்த நீர்த்தாங்கியில் தேக்கக் குணகம் 0.1 என்றால், 5 கிலோமீட்டருக்கு அப்பால் இறைப்பின் தாக்கம் உணரப்பட ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆகும். களிமண் அடுக்கால் மூடப்பட்ட அழுத்த நீர்த்தாங்கியில் அது 0.0005 என்றால், பன்னிரண்டு நாள் போதும். ஆகவே உங்கள் துண்டில் களிமண் அடுக்கு தொடர்ந்து ஓடுகிறதா, இடையிடையே அறுபட்டிருக்கிறதா என்பதே முதலில் தீர்க்க வேண்டிய விஷயம். இரு நாடுகளிலும் கிணறு தோண்டும்போது எழுதப்பட்ட மண்ணடுக்குப் பதிவேடுகளைத் தேடிச் சேர்த்து, எல்லைக்குக் குறுக்காக நான்கைந்து வெட்டுமுகங்களை வரையுங்கள். முதல் ஆறு மாதம் இதற்கே போனாலும் பரவாயில்லை. ஆர்செனிக் பெரும்பாலும் ஆழமற்ற அடுக்கில் இருப்பதும், 150 மீட்டருக்குக் கீழே பொதுவாகக் குறைவதும், இந்தக் களிமண் அடுக்குகளின் கதையோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை.

இரு நாட்டு நீர்மட்டங்களை ஒரே படத்தில் போடுமுன் உயரத்தின் அடிமட்டத்தை, அதாவது உயரத்தை எந்தப் பூஜ்யத்திலிருந்து அளந்தார்கள் என்பதை, சரிபாருங்கள். வங்கதேச நீர்த்துறைப் பதிவுகளில் உயரங்கள் பல சமயம் அந்நாட்டுப் பழைய பொதுப்பணித் துறை மட்டத்தை ஒட்டி எழுதப்பட்டிருக்கும். அதன் பூஜ்யம் சராசரிக் கடல்மட்டத்துக்கு 0.46 மீட்டர் கீழே இருப்பதாகக் கொள்ளப்படுகிறது. எனவே அந்த எண்களிலிருந்து 0.46ஐக் கழித்தால்தான் கடல்மட்டக் கணக்குக்கு வரும். டெல்டாவில் நீர்மட்டச் சரிவு கிலோமீட்டருக்குப் பத்து, இருபது சென்டிமீட்டர்தான். எல்லையை ஒட்டிய கிணறுகளில் 46 சென்டிமீட்டர் பிசகினால், நீர் ஓடும் திசையே தலைகீழாகிவிடும். கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டாலோ பிழை இரட்டிப்பாகும். ரைன் ஆற்றின்மேல் லாஃபன்பர்க்கில் பாலம் கட்டியபோது, ஜெர்மானிய, சுவிஸ் மட்டங்களுக்கு இடையிலான 27 சென்டிமீட்டர் வேறுபாட்டைப் பொறியாளர்கள் அறிந்தே இருந்தும், கூட்டல் கழித்தலில் குறி மாறியதால் 54 சென்டிமீட்டர் பிழை வந்தது 2003இல் தெரிந்தது. பாலத்தில் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும். நிலத்தடி நீர் வரைபடத்தில் தெரியாது.

நீங்களே களத்தில் சேர்க்க வேண்டிய தரவு அதிகமில்லை. போரோ இறைப்பு உச்சத்தில் இருக்கும் மார்ச், ஏப்ரலிலும் மழைக்குப் பிந்தைய நவம்பரிலும் ஒரே கிணறுகளில் அளவெடுங்கள். இயலுமானால் எல்லைக்கு அருகே இரண்டு கிணறுகளில் தானியங்கி அளவிகளைப் பொருத்துங்கள். ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகள் நீர் மழையிலிருந்து வந்ததா, ஆற்றிலிருந்து வந்ததா என்பதைப் பிரித்துக் காட்டும். 12.3 ஆண்டு அரை ஆயுள் கொண்ட டிரிடியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன், நீர் அண்மைக்காலத்தில் நிலத்துக்குள் இறங்கியதா என்பதைச் சொல்லும். ரூர்க்கியிலுள்ள தேசிய நீரியல் நிறுவனத்தில் இதற்கான ஆய்வக வசதி உண்டு. எகிப்தின் மேற்குப் பாலையில் நூபிய மணற்கல் நீரின் வயதைக் கிரிப்டான்-81 கொண்டு கணித்தபோது பல லட்சம் ஆண்டுகள் என்று வந்தது. அது வேறு வகை நீர்த்தாங்கி. உங்கள் வண்டலில், அதுவும் மேலடுக்கில், அவ்வளவு விலையுயர்ந்த சோதனைக்குத் தேவையிருக்காது.

அனுமதிகளை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள். எல்லையோரக் களப்பணிக்கும் வெளிநாட்டுக் கூட்டாய்வுக்கும் பல்கலைக்கழகத்தின் வழியாக எழுத்து மூலம் ஒப்புதல் பெறுவது உங்களுக்கே பாதுகாப்பு. கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து வடிநிலங்களின் ஆற்றோட்டத் தரவை இந்தியா பொதுவில் தருவதில்லை. எனவே ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் உள்ள பரிமாற்றத்தை மையமாக வைத்துத் தலைப்பைப் பதிவு செய்தால் பாதியில் சிக்கிக்கொள்வீர்கள். மறுபுறத்தில் அமைச்சகத்துக்கு எழுதுவதை விட, அங்குள்ள பல்கலைக்கழக நிலவியல் துறை ஒன்றில் கூட்டாளியைத் தேடுங்கள். 2008இல் ஐ.நா. பொதுச்சபை கவனத்தில் எடுத்துக்கொண்ட எல்லை தாண்டிய நீர்த்தாங்கிகள் சட்ட வரைவின் 8ஆம் பிரிவு தரவுப் பரிமாற்றத்தை வலியுறுத்துகிறது. அது எவரையும் கட்டுப்படுத்தாது என்றாலும், விண்ணப்பக் கடிதத்தில் மேற்கோள் காட்டத்தக்கது.

கடைசியாக, வரைபடம். எல்லைக்கோட்டை மென்பொருளோடு வரும் கோப்பிலிருந்து எடுக்காமல், இந்திய அளவைத் துறையின் வரைபடப்படியே போடுங்கள். மறுபுறத்தில் கிணறு இல்லாத பகுதிக்கும் மென்பொருள் தானாகவே சமமட்டக் கோடுகளை (ஒரே நீர்மட்டமுள்ள இடங்களை இணைப்பவை) வழவழவென்று இழுத்துத் தரும். அவற்றை வெட்டிவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். கணினி மாதிரியில் நாட்டு எல்லையை ஒருமுறை நீர் கடக்காததாகவும், ஒருமுறை தாராளமாகக் கடப்பதாகவும் வைத்து இரண்டு முடிவுகளையும் தாருங்கள். இரண்டுக்கும் இடையே உங்கள் பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டம் சில சென்டிமீட்டர்கள் மட்டுமே மாறினால், நெறியாளர் அஞ்சிய தரவு இல்லாமலே உங்கள் ஆய்வு நிற்கும். மீட்டர் கணக்கில் மாறினால், எந்த இடத்தில், எந்த ஆழத்தில் மறுபுறக் கிணற்று அளவு தேவை என்பதை டாக்காவுக்கு எழுதும் கடிதத்தில் துல்லியமாகக் கேட்கலாம்.