எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு) க்ரீம் பூசி வேர்த்ததும் கண் எரிகிறதா?

ஜிங்க் ஆக்சைடு (வெயிலைத் தடுக்கும் தாதுப்பொடி) உள்ள, வாசனை சேர்க்காத, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத மாய்ஸ்சரைசருக்கு மாறிப் பாருங்கள். பஸ்ஸில் வேர்த்ததும் கண் எரிவது பெரும்பாலும் அடங்கிவிடும்.

வெயிலைத் தடுக்க க்ரீமில் சேர்க்கும் அவோபென்சோன் மாதிரியான ரசாயனங்கள் வேர்வையோடு கண்ணுக்குள் இறங்குவதால் இந்த எரிச்சல் இருக்கலாம். இப்போதைய டியூபின் பின்பக்கம் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

புதியதை ஒரு வாரம் முழங்கையின் உள்பக்கம் தினமும் தடவுங்கள். சிவக்காமல், அரிக்காமல் இருந்தால் முகத்துக்குப் போடலாம்.

ஒன்று, மாநிறத்தில் ஜிங்க் சாம்பல் பூசியதுபோல் தெரியும். அயர்ன் ஆக்சைடு கலந்த நிற வகை கேளுங்கள். அளவும் முக்கியம்: ஆள்காட்டிவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்குங்கள். மாய்ஸ்சரைசர்தானே என்று துளியூண்டு தேய்த்தால் டியூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் அளவுக்குப் பாதுகாப்பு கிடைக்காது.

இமை வீங்கினால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.