கேள்வி பதில்: சண்டைக்கு நடுவில் என்ன கேட்கலாம்?

கேள்வி: அபார்ட்மென்ட்டில் தெருநாய்க்குச் சோறு வைப்பது பற்றி தினமும் சண்டை. சங்கச் செயலாளர் நான். கூட்டத்தை எப்படித் தொடங்குவது சார்?

"வைக்கலாமா, கூடாதா" என்று மட்டும் தொடங்காதீர்கள், அந்த நிமிடமே இரண்டு கட்சியாகிவிடும். விலங்குகளின் இனப்பெருக்கக் கட்டுப்பாடு பற்றிய மத்திய அரசின் 2023ஆம் ஆண்டு விதிகளே உணவு வைக்க ஏற்பாடு செய்வதைக் குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பாக்கிவிட்டன, குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, வாசல் பக்கம் கூடாது என்பதோடு. ஆக மிச்சம் இருப்பது எங்கே, எந்த நேரம் என்பதுதான். அதற்கும் முன்னால் ஒரு சுற்று, "இந்த விஷயத்தில் உங்களுக்கு எதை நினைத்தால் மனசு பதறுகிறது?" என்று ஆளாளுக்குக் கேளுங்கள். ஒருவர் விடிகாலையில் பால் வாங்கப் போகும் அம்மாவைச் சொல்வார், இன்னொருவர் காலைச் சுற்றும் பசித்த ஜீவனைச் சொல்வார். இரண்டுமே அக்கறைதான் என்பது அங்கேயே எல்லோர் காதிலும் விழும்.

கேள்வி: "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்" என்றாலே ஆள் சூடாகிவிடுகிறாரே?

போலீஸ் விசாரணை மாதிரி இருந்தால் சூடாகத்தான் செய்வார். "நீங்கள் சொல்வது நடக்காவிட்டால் உங்களுக்கு எது கைவிட்டுப் போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உங்களுக்கே முன்கூட்டித் தெரிந்த கேள்வி என்றால் கேட்காதீர்கள், மடக்கப் பார்க்கிறீர்கள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: கொள்கைச் சண்டையில் இதெல்லாம் வேலைக்கு ஆகுமா?

மனசு மாறும் என்று எதிர்பார்த்தால் ஆகாது. அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் 1994 டிசம்பரில் இரண்டு கருக்கலைப்பு மருத்துவமனைகளில் ஒருவன் சுட்டு இரண்டு பெண்கள் இறந்தார்கள். அதற்கப்புறம் கருக்கலைப்பு உரிமைக்காரர் மூவர், எதிர்ப்பாளர் மூவர், ஆறு பெண் தலைவர்கள் நடுவர்களை வைத்து ஐந்து வருஷத்துக்கும் மேல் ரகசியமாகச் சந்தித்துப் பேசி, 2001இல் சேர்ந்தே பத்திரிகையில் எழுதினார்கள். ஒருவர்கூடக் கட்சி மாறவில்லை, இன்னும் உறுதியானோம் என்றுதான் எழுதினார்கள். ஆனால் நடுவில், சுட்டவனைப் புகழ்ந்த ஒரு பாதிரியார் பாஸ்டன் வரப்போவதாகச் சொன்னபோது, வரவேண்டாம் என்று அவருக்கு எழுதியது எதிர்ப்பாளர் தரப்புப் பெண். எனக்கு இதுவே பெரிய லாபம்.

இந்த மாதிரிப் பேச்சில் நான் விடாமல் கேட்பது, "உங்கள் நிலைப்பாட்டிலேயே உங்களுக்கு எங்கே உறுத்துகிறது?" என்பது. கொஞ்சம் பழகிய பிறகுதான், முதல் நாளே கேட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

கேள்வி: ஒருத்தரே பேசிக்கொண்டிருந்தால்?

ஆளுக்கு இரண்டு நிமிஷம், குறுக்கே பேசக் கூடாது. விருப்பமில்லாதவர் பேசாமல் தாண்டலாம்.

கேள்வி: வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் லிஃப்ட்டில் ஏறக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். இதற்கும் இரு தரப்பு மனசையும் கேட்கணுமா?

வேண்டாம். இதில் பேரம் கிடையாது. முதலில் பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். அப்புறம் பேசுவதென்றால் அந்தப் பெண்களுக்கும் நாற்காலி போட்டுவிட்டுப் பேசட்டும்.