பயிற்சியாளரைத் தேடும் முன் திரும்பி வந்த அறிக்கைகளை எடுத்து வையுங்கள்

கேள்வி: கோவையில் பம்ப், மோட்டார் தயாரித்து ஐரோப்பாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் மனிதவள மேலாளராக இருக்கிறேன். தரக் கட்டுப்பாடு, சர்வீஸ், டிசைன் ஆகிய மூன்று பிரிவுகளிலும் சேர்த்து இருபத்தைந்து பொறியாளர்கள் உள்ளனர். புகார்களுக்கு இவர்கள் அனுப்பும் அறிக்கைகளைப் படித்துவிட்டு வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்ப விளக்கம் கேட்கிறார்கள். பயிற்சி நிறுவனம் ஒன்று எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து இரண்டு நாள் தொழில்நுட்ப எழுத்துப் பயிற்சி தருவதாகச் சொல்கிறது. எங்களுக்கென்று தனியாக வடிவமைக்க வேண்டுமானால் கட்டணம் கூடும் என்கிறது. கூடுதல் செலவு தகுமா? எங்கள் இயக்குநரோ, செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்ட பிறகு இந்தப் பயிற்சியே எதற்கு என்று கேட்கிறார்.

பதில்: தகும், ஆனால் ‘தனியாக வடிவமைத்தது’ என்று அவர்கள் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். பொதுப் பயிற்சிக்கான அதே ஸ்லைடுகளில் உங்கள் நிறுவனத்தின் லோகோவை ஒட்டி, எடுத்துக்காட்டுகளில் ‘பம்ப்’ என்ற சொல்லைச் சேர்த்துத் தருவதையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. கட்டணம் சொல்வதற்கு முன் பயிற்சியாளர் உங்களிடம் எதைக் கேட்கிறார் என்று கவனியுங்கள். பங்கேற்பவர்களின் எண்ணிக்கையையும் புரொஜெக்டர் வசதியையும் மட்டும் கேட்பவர் பொதுப் பயிற்சியைத்தான் தரப்போகிறார். உங்கள் அறிக்கைகளையும், அவற்றுக்கு வாடிக்கையாளர்கள் எழுதிய பதில்களையும் கேட்பவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

ஆகவே முதல் வேலை உங்களுடையது. கடந்த ஓராண்டில் கேள்வியோடு திரும்பி வந்த அறிக்கைகளை, வாடிக்கையாளர் அனுப்பிய மின்னஞ்சல்களோடு சேர்த்துத் தொகுத்துவிடுங்கள். வாடிக்கையாளர்களின் பெயர்களையும் விலை விவரங்களையும் மறைத்து, ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு பயிற்சியாளரிடம் கொடுங்கள். அறிக்கைகளைவிட அந்த மின்னஞ்சல்களே முக்கியமானவை என்பது என் உறுதியான கருத்து. வாடிக்கையாளருக்கு எது கிடைக்கவில்லை என்பதை அவரே தம் கைப்பட எழுதியிருக்கிறார். ‘காரணம் என்ன?’, ‘அதே தொகுதியில் வந்த மற்ற பம்ப்புகளை ஓட்டலாமா?’, ‘நாங்கள் இப்போது என்ன செய்ய வேண்டும்?’ என்பவைதான் பெரும்பாலும் அவற்றில் இருக்கும். ஆங்கில இலக்கணத்தைப் பற்றிப் புகார் எழுதும் வாடிக்கையாளர் அரிது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மெக்கானிக்கல் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி நீர் கசியாமல் தடுக்கும் பாகம்) கசிகிறது என்று திரும்பி வந்த பம்ப்புக்கான அறிக்கையைத் தமிழில் சொன்னால் ஏறத்தாழ இப்படி இருக்கும்: ‘பம்ப் பெறப்பட்டது. வெளிப்புறச் சேதம் காணப்படவில்லை. பம்ப் பிரிக்கப்பட்டு ஆய்வு செய்யப்பட்டது. சீலின் முகப்பில் விரிசல்கள் காணப்பட்டன. சீல் மாற்றப்பட்டுச் சோதனை செய்யப்பட்டது. கசிவு இல்லை. இனி இவ்வாறு நிகழாமல் இருக்க உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது.’ இதில் ஒரு வாக்கியம்கூடப் பொய்யில்லை. ஆனால் மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடும் விரிசல்கள் சீல் முகப்பில் தெரிந்தால், பம்ப் தண்ணீரில்லாமல் ட்ரை ரன் ஆகிச் சூடேறியிருக்க வேண்டும் என்பது அந்தப் பொறியாளருக்குத் தெரியும். அந்த அறிவு அவர் மனத்திலேயே தங்கிவிட்டது, காகிதத்துக்கு வரவில்லை.

அதையே இப்படி எழுதலாம்: ‘தண்ணீரில்லாமல் ஓடியதால் சீல் சூடேறி விரிசல் விட்டது என்பது எங்கள் முடிவு. மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடும் விரிசல்கள் இதற்குச் சான்று; படம் 2ஐப் பார்க்கவும். தயாரிப்பில் குறை உண்டா என்று அறிய, அதே தொகுதியைச் சேர்ந்த பம்ப்புகளில் சீல் அமரும் இடத்தை அளந்தோம். அளவுகள் டிராயிங்கில் உள்ள வரம்புக்குள் இருக்கின்றன. உங்கள் தொட்டியில் நீர்மட்டம் குறையும்போது பம்ப்பை நிறுத்தும் சென்சார் வேலை செய்கிறதா என்று உறுதி செய்த பிறகு மாற்றுப் பம்ப்பை இயக்கவும்.’ இதை எழுத வேண்டுமானால் அந்தத் தொகுதிப் பம்ப்புகளை யாராவது உண்மையிலேயே அளந்திருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். முதல் அறிக்கையில் அந்த வேலை நடக்காததை ‘உரிய நடவடிக்கை’ என்ற சொற்கள் மூடி மறைத்துவிடுகின்றன. நல்ல எழுத்துப் பயிற்சி இத்தகைய ஓட்டைகளை வெளியே கொண்டுவரும். அதற்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

பொறியாளர்கள் இவ்வாறு எழுதுவதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் கல்லூரிகளில் அவர்கள் அதிகம் எழுதிப் பழகியது லேப் ரெக்கார்டுதான். நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, அட்டவணை, கடைசியில் முடிவு என்பது அதன் வரிசை. அதைப் படிக்கும் ஆசிரியருக்கு விடை முன்பே தெரியும். மாணவர் ஒழுங்காகச் செய்தாரா என்பதை மட்டும் அவர் பார்க்கிறார். வாடிக்கையாளரின் நிலை இதற்கு நேர் எதிரானது. அவருக்கு விடை தெரியாது, அது உடனே வேண்டும். நீங்கள் செய்த வேலையின் வரிசையைப் பற்றி அவருக்கு அக்கறையில்லை. எனவே முடிவை முதலில் வைத்து, சான்றுகளை அதன்கீழ் அடுக்கி, வாசகர் செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்லும் பழக்கம் பயிற்சியின் நடுநாயகமாக அமைய வேண்டும். காலங்களையும் முன்னிடைச்சொற்களையும் திருத்துவதில் நேரத்தைச் செலவிட்டால் பழைய அறிக்கையே பிழையற்ற ஆங்கிலத்தில் வரும்.

எதை மேலே வைக்கிறோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இயக்குநருக்கு விளக்க விரும்பினால், கொலம்பியா விண்கலத்தைச் சொல்லுங்கள். 2003 பிப்ரவரி 1 அன்று அது சிதறியதில் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். புறப்பட்டபோது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டொன்று இடது இறக்கையைத் தாக்கியிருந்தது. விண்கலம் சுற்றிக்கொண்டிருந்தபோதே அந்தப் பாதிப்பைப் பற்றிப் பொறியாளர்கள் நாசா அதிகாரிகளுக்கு விளக்கம் அளித்தனர். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு, அச்சப்படத் தேவையில்லை என்ற தொனியில் இருந்தது. மோதிய துண்டு 1920 கன அங்குலம், சோதனை செய்து பார்த்ததோ 3 கன அங்குலத் துண்டு என்ற செய்தி அதன் அடிவரியில் கிடந்தது. 640 மடங்கு வேறுபாடு! விசாரணைக் குழு அந்த ஸ்லைடைத் தன் அறிக்கையிலேயே எடுத்துக்காட்டி, தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதிலாக ஸ்லைடுகளைப் பயன்படுத்தும் வழக்கத்தைக் கண்டித்தது.

இருபத்தைந்து பேரையும் ஒரே அறையில் உட்காரவைக்க வேண்டாம். அவர்கள் எழுதுவது மூன்று வகை. தரக் கட்டுப்பாட்டினர் பெரும்பாலும், ஒரு குறையை எட்டுப் படிகளில் ஆராய்ந்து தீர்க்கும் 8டி அறிக்கை எழுதுவார்கள். ஃபோர்டு நிறுவனம் 1987இல் வெளியிட்ட கையேட்டின் வழியே பரவிய இந்த முறையில், தற்காலிகத் தடுப்பு, மூலகாரணம், நிரந்தரத் தீர்வு ஆகியவை தனித்தனிக் கட்டங்கள். மூலகாரணம் என்ற இடத்தில் ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்றும், தீர்வு என்ற இடத்தில் ‘ஆபரேட்டருக்கு அறிவுரை வழங்கப்பட்டது’ என்றும் எழுதினால் எந்தத் தேர்ந்த வாடிக்கையாளரும் ஏற்கமாட்டார். தவறு நிகழ அந்த வேலைமுறை ஏன் இடம் கொடுத்தது என்பதே அவருடைய கேள்வி. சர்வீஸ் பிரிவினருக்கு வேறு பாடம்: களத்தில் கண்டது, அதிலிருந்து ஊகித்தது, வாடிக்கையாளர் வாய்மொழியாகச் சொன்னது ஆகிய மூன்றையும் கலக்காமல் எழுதுவது.

டிசைன் பிரிவுதான் பயனர் கையேட்டைத் தயாரிக்கிறது என்றால் அவர்களுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய இயந்திர ஒழுங்குமுறை, 2023/1230, 2027 ஜனவரி முதல் பழைய 2006/42 உத்தரவின் இடத்துக்கு வருகிறது. பயனர் கையேட்டை டிஜிட்டல் வடிவில் தரவும் அது நிபந்தனைகளோடு இடமளிக்கிறது. கையேட்டைத் திருத்தித்தான் ஆக வேண்டும் என்பதால், அந்த வேலையையே பயிற்சியாக்கிவிடலாம். விமானப் பராமரிப்புக்காக ஐரோப்பாவில் 1980களில் உருவான எளிய தொழில்நுட்ப ஆங்கில விதிகளை முழுதாகக் கடைப்பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது, ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளைதான், ஒரு பொருளுக்கு ஒரே பெயர் என்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். டிராயிங்கில் ‘கேசிங்’, உதிரிபாகப் பட்டியலில் ‘வால்யூட்’, கையேட்டில் ‘பாடி’ என்று ஒரே பாகம் மூன்று பெயர்களில் இருந்தால், தவறான உதிரிபாகத்துக்கு ஆர்டர் வருவதில் வியப்பில்லை. எச்சரிக்கை அதற்குரிய படிக்கு முன்னால் வர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘டெர்மினல் பாக்ஸைத் திறக்கவும்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் ‘முன்னதாக மின் இணைப்பைத் துண்டித்திருக்க வேண்டும்’ என்று எழுதும் கையேட்டை நினைத்தாலே எனக்குப் பதைக்கிறது.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஷாப் ஃப்ளோரில் தொங்கும் பணி வழிகாட்டுதல் தாள்கள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், ஆடிட்டருக்குத்தான் அவை பயன்படும். இயந்திரத்தின் முன் நிற்பவர் தமிழோ இந்தியோ ஒடியாவோ படிப்பவராக இருக்கலாம். அந்தத் தாள்களையும் பயிற்சியில் சேர்த்து, எழுதியதை ஒரு தொழிலாளியிடம் கொடுத்து, யாரும் வாய்திறக்காமல் அவர் வேலை செய்வதைப் பொறியாளர் நின்று பார்க்கட்டும். அவர் தயங்கும் ஒவ்வோர் இடமும் திருத்தப்பட வேண்டிய இடம்.

பயிற்சி நீடிக்குமா என்பது அறிக்கையில் கையெழுத்திடும் மேலாளர்களைப் பொறுத்தது. முடிவை முதலில் எழுதிய இளம் பொறியாளரிடம், ‘நம்ம வழக்கமான ஃபார்மேட்டில் எழுதிக்கொண்டு வாப்பா’ என்று ஒருவர் திருப்பிக் கொடுத்தால் அத்தனையும் வீண். ஆகவே மேலாளர்களுக்கு அரை நாள் முதலில் நடத்துங்கள். புதிய வார்ப்புருவை அவர்களே ஒப்புக்கொண்டு வெளியிடட்டும். அதன்பின் பிரிவுக்கு எட்டு முதல் பத்துப் பேராக, இரண்டு வார இடைவெளியில் மூன்று அல்லது நான்கு அரை நாள் அமர்வுகள் போதும். இடைப்பட்ட நாள்களில் ஒவ்வொருவரும் தாம் அப்போது எழுதிக்கொண்டிருக்கும் உண்மையான ஆவணத்தை அனுப்ப, பயிற்சியாளர் அதைத் தனித்தனியே பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். தொடர்ந்து இரண்டு நாள் நடத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. எழுத்து, எழுதி, திருத்தப்பட்டு, மறுபடி எழுதி வருவது.

இயக்குநரின் கேள்விக்கு வருகிறேன். செயற்கை நுண்ணறிவுக் கருவி ஆங்கிலத்தைச் சீர்செய்யும்; அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அந்தத் தொகுதிப் பம்ப்புகளை அளந்தீர்களா என்பது அதற்குத் தெரியாது. மேலே காட்டிய முதல் அறிக்கையைக் கொடுத்தால் அதைவிட நயமான, அதே அளவு வெறுமையான அறிக்கையைத் தரும். சில நேரம் நடக்காத சோதனையை நடந்ததாகவும் எழுதிவிடும். அதில் கையெழுத்திடுவது உங்கள் பொறியாளர். கருவி தந்த வரைவைச் சரிபார்ப்பதையும், டிராயிங்குகளையும் வாடிக்கையாளர் பெயரையும் பொதுக் கருவிகளில் ஏற்றாமல் இருப்பதையும் ஓர் அமர்வில் கற்பிக்கச் சொல்லுங்கள்.

பலனை எப்படி அளப்பது? தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001:2015 தரநிலையின் 7.2ஆம் பிரிவு, திறனை வளர்க்க எடுத்த நடவடிக்கைகளின் பயனை மதிப்பிடச் சொல்கிறது. பயிற்சி நாளின் மாலையில் நிரப்பப்படும் கருத்துப் படிவம் அதற்குப் போதாது. பயிற்சிக்கு முந்தைய ஆறு மாதங்களில் சராசரியாக ஒரு புகாருக்கு எத்தனை முறை மறுவிளக்கம் கேட்கப்பட்டது, புகார் முடிய எத்தனை நாள் ஆயிற்று என்று இப்போதே குறித்து வையுங்கள். பயிற்சி முடிந்த ஆறு மாதங்களுக்குப் பின் அதே கணக்கை எடுத்து, அதைப் பார்க்கப் பயிற்சியாளரை ஒரு முறை மீண்டும் வரவழைப்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இத்தனைக்கும் இந்த ஆண்டின் நிதி போதாது என்றால், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவையும் அதன் மேலாளர்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு முழுமையாகச் செய்யுங்கள். மற்ற இரு பிரிவுகள் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாம்.